கடற்கரையில் பனி கொட்டியது! ஓட்டப் பந்தயம் நின்றது!

கடற்கரைக்குப் போகிறவர்கள் எதை எதிர்பார்த்துப் போவார்கள்? வெயில், மணல், அலை. பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம்.

2010-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் ஒரு கடற்கரை ஊருக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது பனி! மணல் வெள்ளை. ஓட்டல் வாசல் வெள்ளை. நிறுத்தி வைத்த கார்கள் எல்லாம் வெள்ளை.

அதில் பலர் அந்த ஊருக்கு வந்ததே ஓடுவதற்காக!

அந்த ஊரின் பெயர் மிர்ட்டில் பீச். தெற்கு கரோலினா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரம் இருக்கிறது. "மிர்ட்டில்" என்பது அந்தக் கரையில் வளரும் ஒரு புதர்ச் செடி. செடியின் பெயரே ஊருக்கும் வந்து விட்டது. அந்தப் பகுதியில் கடற்கரை சுமார் 60 மைல் நீளத்துக்கு நீண்டு கிடக்கிறது. கரையை ஒட்டி வரிசையாக ஓட்டல்கள். ஜன்னலைத் திறந்தால் கடல்.

கோடையில் கூட்டம் தாங்காது. குளிர்காலத்தில் ஓட்டல்காரர்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த மந்தமான பிப்ரவரி மாதத்திலும் அப்போது ஊருக்கு ஆட்களைக் கொண்டு வந்தது மாரத்தான் ஓட்டம்.

மாரத்தான் என்றால் 26 மைல் 385 கெஜம். இப்போதைய கணக்கில் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். தஞ்சாவூரில் இருந்து கும்பகோணம் போகிற தூரத்தை விடக் கொஞ்சம் கூடுதல். பஸ்சில் போனாலே அலுத்து விடும். இவர்கள் ஓடியே கடக்கிறார்கள்!

அந்த ஆண்டு ஓட்டம் பிப்ரவரி 13, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, காதலர் தினம். அதற்கு மறுநாள் திங்கள், ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாளை ஒட்டிய விடுமுறை. சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு! மனைவி, மக்களைக் கூட்டிக் கொண்டு கிளம்ப இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

அப்பா ஓடுவார். அல்லது அம்மா ஓடுவார். பிள்ளைகள் மணலில் விளையாடும். ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து வயிறாரச் சாப்பிடலாம். இதுதான் திட்டம்.

நாலு மாதத் தவம்

மாரத்தான் ஓடுவது ஒரு நாள் வேலை அல்ல. அதற்கு முன்னால் சுமார் நாலு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். விடியும் முன்னே எழுந்து ஓட வேண்டும். வாரம் ஒரு நாள் நீண்ட ஓட்டம். அது வாரா வாரம் கூடிக் கொண்டே போய் 20 மைல் வரை எட்டும். கடைசி இரண்டு, மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்து, உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

இந்தத் தவத்தில் பாதி, வீட்டில் இருப்பவர்கள் செய்வது. ஞாயிறு காலை வீட்டுக்காரர் ரோட்டில் ஓடிக் கொண்டு இருப்பார். காப்பி போடுவதும், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், "அப்பா எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் மனைவி. ஓடுவது மனைவியானால் அத்தனையும் கணவன் தலையில். திரும்பி வந்தவர், கால் வலி என்று கட்டிலில் சாய்ந்து விடுவார். இரவு 8 மணிக்கே விளக்கை அணைக்கச் சொல்வார்!

"இந்த வாரம் நின்று போனால் அடுத்த வாரம் ஓடிக் கொள்ளலாமே?" என்று கேட்கலாம். முடியாது. அடுத்த வாரம் அந்த ஊரில் பந்தயம் இல்லை. விமான டிக்கெட், ஓட்டல் அறை எல்லாம் இந்தத் தேதிக்கு. நுழைவுக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பி வராது. விண்ணப்பத்திலேயே அப்படி எழுதி இருக்கும், பொடி எழுத்தில்!

பனி வந்தது

அந்த வாரம் அமெரிக்காவின் தென் பகுதியைப் பனிப் புயல் தாக்கியது. டெக்சாஸ் மாநிலத்தில், வெயிலுக்குப் பெயர் போன டல்லஸ் நகரில் 12 அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தது. 50 மாநிலங்களில் 49-ல் தரையில் பனி! தப்பியது ஹவாய் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை இரவு மிர்ட்டில் பீச்சிலும் பனி கொட்டியது. சட்டையில் நம்பர் துணியைக் குத்தி வைத்து விட்டு, ஓட வந்தவர்கள் படுக்கப் போகும் நேரம். செய்தி வந்தது.

"நாளை ஓட்டம் கிடையாது."

எத்தனை பேருக்கு அன்று தூக்கம் போயிருக்கும்! தேர் அலங்காரம் முடிந்து, வடம் பிடிக்க ஊரே கூடி நிற்கும்போது, "தேர் ஓடாது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

கோபமும் வந்தது. வடக்கு மாநிலங்களில் இருந்து வந்தவர்களுக்குப் பனி புதிது அல்ல. பனியிலேயே பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். "இந்தக் கொஞ்சம் பனிக்கா பயந்து விட்டார்கள்?" என்று அவர்களுக்குத் தோன்றியதில் வியப்பு இல்லை. மறுநாள் சிலர் தாங்களாகவே ஓடவும் செய்தார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன கவலை? கடற்கரை மணலில் பனி உருண்டை பிடிக்கும் வாய்ப்பு அந்த ஊரில் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும்!

நிற்பவர்கள் கதி என்ன?

நிறுத்தியது சரிதானா? சரி என்றே நான் சொல்வேன்.

வடக்கு நகரங்களில் பனியை வாரித் தள்ளும் வண்டிகள் தயாராக நிற்கும். ரோட்டில் தூவ உப்பு மலை மலையாகக் குவித்து இருக்கும். எப்போதோ ஒரு முறை பனி விழும் கடற்கரை ஊரில் அவ்வளவு ஏற்பாடு எப்படி இருக்கும்? பகலில் உருகும் பனி இரவில் மறுபடி உறைந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கறுப்புத் தார் ரோட்டில் அது கண்ணுக்கே தெரியாது. கால் வைத்தால் வழுக்கும். கார் வந்தாலும் வழுக்கும்.

ஓடுகிறவர் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பது இல்லை. வழி நெடுகத் தண்ணீர்க் குவளையை நீட்டிக் கொண்டு நிற்பவர்கள் யார்? கூலி வாங்காமல் உதவ வந்த தாய்மார்கள், பெரியவர்கள், பள்ளிப் பிள்ளைகள். ஓடுகிறவருக்கு ஓடுவதால் உடம்பு சூடாக இருக்கும். ஐந்து, ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பவர் விறைத்துப் போவாரே! முச்சந்தியில் நிற்கும் போலீஸ்காரர் மீது கார் வழுக்கி மோதினால்? விழுந்தவரைத் தூக்கிப் போக ஆம்புலன்ஸ் வர வேண்டுமே, அது எந்த ரோட்டில் வரும்?

21 பேர் இறந்தார்கள்

நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2021-ம் ஆண்டு உலகம் பார்த்தது.

சீனாவில் கான்சு மாகாணத்தில், பாய்யின் நகருக்கு அருகே மலைகளில் 100 கிலோமீட்டர் ஓட்டம். மே 22. ஓடியவர்கள் 172 பேர். வெயில் காலம் வரப்போகிறது என்று பலர் அரைக்கால் சட்டையும், மெல்லிய பனியனும் போட்டு இருந்தார்கள். உயரமான மலைப் பகுதிக்குப் போனபோது திடீர் என்று ஆலங்கட்டி மழை. உறைய வைக்கும் குளிர். ஆளைத் தள்ளும் காற்று.

நனைந்த உடம்பில் காற்று பட்டால் உடம்பின் சூடு வேகமாக இறங்கும். 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் நடுக்கம். பிறகு பேச்சு குழறும். புத்தி தடுமாறும். நடுக்கம் நின்று விட்டால், "சரியாகி விட்டது" என்று எண்ணக் கூடாது. அதுதான் உயிருக்கே ஆபத்தான கட்டம்.

21 பேர் இறந்து விட்டார்கள். அவர்களில் லியாங் ஜிங் என்பவர் சீனாவிலேயே புகழ் பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர். அவராலும் தாக்குப் பிடிக்க முடியவில்லை! அந்த மலையில் ஆடு மேய்த்துக் கொண்டு இருந்த ஒருவர், ஒரு குகைக்குள் ஓட்டக்காரர்களைக் கொண்டு போய்ச் சேர்த்து, தீ மூட்டி, ஆறு பேரைக் காப்பாற்றினார். பெரிய ஏற்பாடுகள் செய்யாததை ஓர் இடையர் செய்தார்.

குளிர்தான் என்று இல்லை. வெயிலும் ஓட்டத்தை நிறுத்தும். 2007-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி சிகாகோ மாரத்தான் பாதியில் நிறுத்தப்பட்டது. வெப்பம் 31 டிகிரி. "31-ஆ? அது நமக்கு ஊட்டி மாதிரி ஆயிற்றே!" என்று சென்னைவாசிகள் சிரிக்கக் கூடும். அந்த வெப்பத்தில் 42 கிலோமீட்டர் ஓடிப் பார்த்து விட்டுச் சிரிக்கட்டும்!

வெறும் மழைக்கு எல்லாம் நிறுத்துவது இல்லை. 2018-ம் ஆண்டு பாஸ்டனில் கொட்டும் மழை, எதிர்க்காற்று, நடுங்க வைக்கும் குளிர். ஓட்டம் நடந்தது. ஆண்களில் முதலில் வந்தவர் ஜப்பானைச் சேர்ந்த யூகி கவாவுச்சி. அப்போது அவர் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த அரசு ஊழியர்!

நியூயார்க்கில் நடந்தது

நின்று போன ஓட்டங்களில் உலகம் முழுவதும் பேசப்பட்டது, 2012-ம் ஆண்டு நியூயார்க் மாரத்தான். அக்டோபர் 29-ந் தேதி சாண்டி புயல் தாக்கியது. நகரத்தில் மட்டும் 43 பேர் இறந்தார்கள். ஓட்டமோ நவம்பர் 4-ந் தேதி. "நடக்கும்" என்றே மேயர் புளூம்பெர்க் முதலில் சொன்னார்.

ஜனங்களுக்கு ஆத்திரம் வந்தது. வீடுகளில் மின்சாரம் இல்லை. பூங்காவிலோ ஓட்டத்துக்காக ஜெனரேட்டர்கள் நின்றன! ஓட்டம் புறப்படும் இடம் ஸ்டேட்டன் தீவு. புயலில் அதிகம் அடிபட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஓர் ஓட்டல் முதலாளி, "வீடு இழந்து வந்தவர்களை வெளியே அனுப்பி விட்டு, ஓட வருகிறவர்களுக்கு அறை தர மாட்டேன்" என்று மறுத்து விட்டார்.

ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, மேயர் முடிவை மாற்றினார். ஓட்டம் ரத்து. 1970-ல் தொடங்கிய அந்தப் பந்தயம் நின்று போனது அதுவே முதல் தடவை.

உலகின் நாலா பக்கத்தில் இருந்தும் குடும்பத்தோடு வந்து இறங்கியவர்கள் என்ன செய்தார்கள்? பலர் பூங்காவில் தாங்களே ஓடினார்கள். வேறு பலர், ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டேட்டன் தீவுக்குக் கப்பல் ஏறினார்கள். காலில் ஓட்டச் செருப்பு. முதுகில் மூட்டை. மூட்டைக்குள் போர்வை, பேட்டரி, உணவு, மருந்து. வெள்ளம் புகுந்த தெருக்களில் ஓடி ஓடி, வீடு வீடாகக் கொடுத்தார்கள். சிலர் குப்பை வாரினார்கள்.

பதிந்தவர்களுக்குப் பிறகு பணம் திரும்பக் கிடைத்தது. வேண்டாதவர்கள் பின்னால் ஓர் ஆண்டில் ஓட இடம் கேட்டுக் கொள்ளலாம் என்றார்கள். 2013 நவம்பரில் ஓட்டம் மறுபடி நடந்தது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓடி முடித்தார்கள். புறப்பட்ட இடம், அதே ஸ்டேட்டன் தீவு.