தூங்கும் பிள்ளையின் செவிகள்



மாலை வேளையில் என்னிடம் ஓத வரும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், அம்ம ஜுஸ்வின் சூராக்களைத் தங்குதடையின்றி ஒப்புவிப்பவன். ஒரு வாரமாக முதல் வசனத்திலேயே திணறினான். யாரேனும் கதவைப் படாரென்று சாத்தினால் அவன் தோள்கள் ஒடுங்கின. தாயாரை அழைத்து விசாரித்தேன். கணவருக்கும் தமக்கும் மனக்கசப்பு நேர்ந்திருப்பதை அவர் மறைக்கவில்லை. "ஆனால் ஹஜ்ரத், அவன் தூங்கிய பிறகுதானே பேசிக்கொள்கிறோம்!" என்றார்.

அந்தத் 'தூங்கிய பிறகு' என்பதைப் பற்றியே உங்களிடம் பேச விழைகிறேன்.

அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 6 முதல் 12 மாதம் வரையுள்ள 20 குழந்தைகளை, அவர்கள் உறங்கும்போதே மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்யும் கருவியில் கிடத்தி, பொருளற்ற சொற்களைப் பல்வேறு குரல்களில் ஒலிக்கச் செய்தனர். பெற்றோர் பிணக்கு மிகுந்த வீட்டுக் குழந்தைகளின் மூளையில், சினக்குரல் கேட்டபோது, உணர்ச்சியையும் மன அழுத்தத்தையும் கையாளும் பகுதிகள் கூடுதலாகக் கிளர்ந்தன. இருபது என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும், உறக்கம் ஒரு திரை என்று நம்பியிருக்கும் நம்மை அது சிந்திக்க வைக்கிறது அல்லவா?

வளைகுடாவில் தந்தை பொருளீட்டும் இல்லங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே சண்டை தொலைபேசியில் நடக்கிறது. பிள்ளையின் காதில் விழுவது உம்மாவின் குரல் மட்டுமே. மறுமுனையில் சொல்லப்பட்டதை அது தன் அச்சத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது.

அப்படியானால் கணவனும் மனைவியும் முரண்படவே கூடாதா? அது மனித இயல்புக்கு அப்பாற்பட்டது. மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியல் அறிஞர் பல்லாண்டுகள் ஆராய்ந்து கண்டது வேறு: சண்டை எவ்வாறு முடிந்தது என்பதே பிள்ளைக்குப் பெரிது. சமாதானத்தைக் கண்ட பிள்ளையின் கலக்கம் பெரிதும் தணிகிறது. பின்னர் எடுத்துச் சொன்னாலும் பயன் உண்டு. நாமோ கூடத்தில் சண்டையிட்டு, அறைக்குள் சமாதானமாகிறோம்! பிள்ளைக்குக் கிடைப்பது பாதிக் கதை.

நபிகளார் (ஸல்) இல்லத்தில், துணைவியர் ஒருவரின் ரோஷத்தால் உணவுத் தட்டு ஒன்று உடைந்த நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அண்ணலார் கடிந்துகொள்ளவில்லை, சில்லுகளைத் தம் கையாலேயே சேர்த்தெடுத்து, அங்கிருந்தவர்களிடம் அந்த ரோஷத்தைப் பரிவோடு எடுத்துரைத்து, உடைந்ததற்கு ஈடாக நல்ல தட்டொன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அனைத்தும் பிறர் கண்முன்னே நடந்தது. அதை நமக்கு அறிவிப்பவர், பத்து வயதுச் சிறுவராக அவ்வீட்டுப் பணிக்கு வந்த அனஸ் (ரலி) அவர்கள்தாம்.

அந்தத் தாயாரிடம் இதையெல்லாம் விரிவாகச் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து மகனிடம் பேசுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பேசியபோதுதான் தெரிந்தது: தன் பள்ளிக் கட்டணத்திற்காகவே அத்தாவும் அம்மாவும் சண்டையிடுவதாக அவன் எண்ணியிருந்தானாம். உண்மையில் அது, தந்தை தம் தங்கையின் திருமணத்திற்கு வாங்கிய கடன் பற்றியது.

சூராக்கள் இப்போது சீராக வருகின்றன. கதவுச் சத்தத்திற்கு மட்டும் இன்னும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறான்.