விதை வியாபாரிகள் தவிர்க்கவேண்டிய தவறுகள்

துணியிலுள்ள குறை கடையிலேயே புலப்படும். விதையின் முளைப்புக் குறைவோ நாற்றங்காலில்தான் தெரியும். இரகம் மாறியிருப்பின் கதிர் வெளிவந்த பின்னரே விளங்கும். அதற்குள் பட்டம் தவறிவிடும். ஆகையால் குடியானவர் வியாபாரியின் சொல்லையே பெரிதும் நம்ப நேரிடுகிறது. அந்நம்பிக்கையைக் கெடுக்கும் தவறுகளை இங்குக் கூறுவோம்.

முதலாவது, நிலம், நீர்வசதி, பட்டம் இவற்றை விசாரியாமல் கையிருப்பிலுள்ளதைக் கொடுத்தல். ஆடுதுறை 43 நெல் சுமார் 110 நாட்களில் முதிரும், சி.ஆர். 1009 ஏறக்குறைய 155 நாட்கள் கொள்ளும். குறுவைக்கு விதை தேடி வந்தவருக்குப் பின்னதைக் கொடுத்தால் அடுத்த சாகுபடியும் கெடும்.

இரண்டாவது, சோதனைத் தேதியை மறைத்தல். சான்று பெற்ற நெல் விதை நூற்றுக்கு 80-க்கும், நிலக்கடலை 70-க்கும் குறையாமல் முளைக்கவேண்டும். சான்று முதலில் சோதித்த நாளிலிருந்து 9 மாதங்களே செல்லும். அதன்பின் மறுசோதனை அவசியம்.

மூன்றாவது, ரசீது தராமை. ரொக்கமாயினும் கடனாயினும் ரசீது தரவேண்டுமென்று 1983-ம் வருஷத்திய விதைக் கட்டுப்பாட்டு உத்தரவு விதித்தது.

நான்காவது, குறை கூற வந்தவரைக் கடிந்து அனுப்புதல். வயலுக்கு நேரிற் சென்று பார்ப்பதே முறை. விதை ஆழத்தில் விழுந்ததோ, நீர் தேங்கியதோ காரணமாயிருக்கலாம். அதை எடுத்துச் சொல்பவரிடமே குடியானவர் மீண்டும் வருவார்.

வாங்குவோரும் ரசீதையும், பையில் தைத்த சீட்டையும், ஒரு பிடி விதையையும் அறுவடைவரை பத்திரப்படுத்துதல் வேண்டும். இவையின்றி முறையிடுவது கடினம் என்பதைக் கிராம அதிகாரிகள் விதைப்புக்கு முன்பே ஊராருக்கு எடுத்துரைப்பது நலம்.