இன்புளுவென்சாத் தடுப்பூசியும் துறைமுக மக்களும்

கடல் வாணிகத்தால் வளர்ந்த துறைமுகங்கள் நோய்க்கும் வாயிலாதல் உண்டு. 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாப் பெருநோய், கொழும்புத் துறைமுகத்தையும் தலைமன்னாரையும் வாயிலாகக் கொண்டு இலங்கையுட் புகுந்ததென ஆய்வாளர் கருதுவர். 1957 மே மாதத்திற் சிங்கப்பூரிலிருந்து சென்னையை அடைந்த கப்பலொன்று ஆசிய இன்புளுவென்சாவை இந்தியாவிற்குக் கொணர்ந்தது. ஆதலின் திருக்கோணமலை போன்றதொரு துறைமுக மாவட்டத்தார்க்கு இந்நோயின் தடுப்பூசி பற்றிய ஐயம் வெறும் ஏட்டு வினாவன்று.

ஊசி ஏற்றியும் காய்ச்சல் கண்டதெனின், ஆண்டுதோறும் அதனை ஏற்றுவதாற் பயன் யாது? இவ்வினா நேரியதே. சின்னமுத்துக்கு இளமையில் ஏற்றும் ஊசி நெடுங்காலம் காக்கின்றது. அதன் வைரசு தன் புறத்தோற்றத்தைப் பெரிதும் மாற்றுவதில்லை. இன்புளுவென்சா வைரசோ தன் புறத்தேயுள்ள புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டேயிருக்கும். நேற்று அதனை அறிந்த உடல், இன்றைய வேடத்தில் இனங்காண இடர்ப்படும். இவ்வுண்மை 1947ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தெளிவாயிற்று. முன்னர் நற்பயன் அளித்த ஊசியை ஏற்றிய மாணவரும் ஏற்றாதாரும் ஏறத்தாழ ஒரேயளவில் நோயுற்றனர். ஊசி பழையது, வைரசு புதியது. அவ்வூசியை ஆக்குவதில் முன்னின்ற தோமஸ் பிரான்சிசும் ஜோனாஸ் சால்க்கும் தம் தோல்வியை மறையாது வெளியிட்டமை பாராட்டற்பாலது.

இக்காலத்தில் உலகச் சுகாதார நிறுவனம் பெப்ருவரியிலும் செப்தெம்பரிலும், உலகெங்கும் திரட்டிய வைரசுகளை ஆராய்ந்து, வரும் பருவத்து ஊசியில் எவை இடம்பெறல் வேண்டுமெனப் பரிந்துரைக்கின்றது. ஊசி செய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும்; அதற்குள் வைரசு மாறிவிடலும் கூடும். கணிப்புப் பொருந்திய ஆண்டுகளில், ஊசி ஏற்றாத கூட்டத்தில் நூற்றுவர் நோயுறுமிடத்து, அதே அளவினதான ஊசி ஏற்றியோர் கூட்டத்தில் நாற்பதின்மர் முதல் அறுபதின்மர் வரையே நோயுறுவர். பொருந்தாத 2014-15 பருவத்தில் அமெரிக்காவிற் கண்ட பயன் நூற்றுக்கு இருபது அளவே. எனினும், நோயுற்றார்க்கும் அது மருத்துவமனை புகுமளவு முற்றுதல் குறைகின்றது. முதியோர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் தொய்வு, நீரிழிவு உடையார்க்கும் இதுவே பெரும்பேறு. சாதாரணத் தடிமனை இவ்வூசி தடுக்காது. அது வேறு வைரசுகளின் செயல். ஊசியின்மேற் சுமத்தப்படும் பழி பெரும்பாலும் இம்மயக்கத்தால் வந்ததே எனலாம்.

ஊசி ஏற்றி இரு வாரத்தின் பின்னரே காப்பு நிரம்பும். சில மாதங்களில் அது தளரத் தொடங்கும். இலங்கையில் இந்நோய் ஆண்டின் நடுப்பகுதியிலும் ஆண்டிறுதியை ஒட்டியும் மிகுவதாகக் காணப்படுகின்றது. திருக்கோணமலையில் வாடைக்காற்றோடு மாரி தொடங்குவது ஐப்பசியில். ஆதலிற் புரட்டாதியில் ஏற்றுவது பொருந்தும். அவ்வூசியே அடுத்த ஆனி வரை முழுவலியோடு நிற்குமென எண்ணலாகாது.