சாக்சோனியக் கோபுரங்களுக்குப் புறப்படும் முன்

மரபுவழிப் பாறையேற்றத்தில் முன்னே ஏறுபவர், தவறி விழ நேர்ந்தால் தம்மைத் தாங்கக்கூடிய பிடிமானங்களைப் பாறையின் வெடிப்புகளிலும் துளைகளிலும் போகப்போகத் தாமே பொருத்தி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டு மேலே செல்கிறார். பின்னால் வருபவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு வருகிறார். கடைசிப் பிடிமானத்துக்கு மேலே 3 மீட்டர் சென்றுவிட்டவர் கைநழுவினால் குறைந்தது 6 மீட்டர் விழுவார்; கயிறு இழுபடும் நீளம் அதற்குமேல். பிடிமானம் நிற்குமா என்பது முழுக்கக் கல்லின் இயல்பைப் பொறுத்தது என்பதால், வெளிநாட்டுக்கு இத்தகைய பயணம் போக நினைப்பவர் விமானச்சீட்டுக்கு முன்னால் விசாரிக்க வேண்டியது அந்த ஊர்ப் பாறையைப் பற்றித்தான். கொண்டுபோகும் கருவி, போகும் பருவம், அங்கே கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஆகிய மூன்றையும் கல்லே முடிவுசெய்கிறது.

இதை மிகத் துலக்கமாகக் காட்டும் இடம், ஜெர்மனியின் கிழக்கில், ட்ரெஸ்டன் நகரத்துக்கு அருகே எல்பே ஆற்றின் இரு கரையிலும் விரிந்துள்ள சாக்சோனிய சுவிட்சர்லாந்து. பெயரில் சுவிட்சர்லாந்து இருந்தாலும் இங்கே பனிமலைகள் இல்லை. காட்டுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் மணற்பாறைக் கோபுரங்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. 1864இல் பாட் ஷண்டாவ் ஊரின் உடற்பயிற்சிக் கழகத்தார் ஃபால்கன்ஸ்டைன் கோபுரத்தின் உச்சியை அடைந்ததே இங்குள்ள ஏற்றத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவர்கள் செயற்கைத் துணைகளைக் கொண்டு ஏறினார்கள். பின்வந்த தலைமுறையோ, கையும் காலும் பாறையையே பற்றி ஏற வேண்டும், கயிறு விழுந்தால் தாங்குவதற்கு மட்டுமே என்ற கொள்கையை வகுத்துக்கொண்டது. 1908இல் ஏற்ற வழிகாட்டி நூலை வெளியிட்ட ருடால்ஃப் ஃபேர்மனும், அவருடன் ஏறிய அமெரிக்கரான ஆலிவர் பெர்ரி-ஸ்மித்தும் இதற்கு வலுச்சேர்த்தவர்கள். உலகெங்கும் இன்று இயல்பாகிவிட்ட கட்டற்ற ஏற்றம் இத்தனை முன்னதாகவே ஒரு வட்டார ஒழுக்கமாக நிலைபெற்றது பாறையேற்ற வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்களில் ஒன்று.

இங்கே வரும் வெளிநாட்டவரை முதலில் திகைக்க வைப்பது உலோகத் தடை. மற்ற நாடுகளில் வெடிப்புக்குள் செருகும் அலுமினிய ஆப்புகளும், விசையை விட்டால் விரிந்து இறுகும் கேம் கருவிகளும் இங்கே கூடா. ஏனெனில் மென்மையான மணற்கல்லில் உலோகம் அழுந்தும்போது வெடிப்பின் விளிம்பு நொறுங்கி, அடுத்து வருபவருக்கு அந்த இடமே பயனற்றுப் போகக்கூடும். மாற்றாகப் பயன்படுவது முடிச்சிட்ட கயிற்றுக் கண்ணி. வெடிப்பு மேலே அகன்று கீழே குறுகும் இடத்தைத் தேடி, அந்த அகலத்துக்கு ஏற்ற பருமனுள்ள முடிச்சை உள்ளே நுழைத்து, சிறு குச்சியால் தள்ளிப் படியவைத்து, கீழ்நோக்கி வெட்டியிழுத்து இறுக்கிய பிறகே கண்ணியில் காராபினர் என்னும் கொக்கி மாட்டப்படுகிறது. ஒரே கையால் பாறையைப் பிடித்தபடி இதைச் செய்ய வேண்டியிருப்பதால், மெல்லியதும் தடித்ததுமாகப் பல கண்ணிகளை முன்கூட்டியே முடிந்து, தரையில் நின்று பழகிக்கொண்டு போவதே அறிவுடைமை. முதன்முறை ஏறியவர்கள் பதித்த இரும்பு வளையங்கள் சில தடங்களில் உண்டு. ஆனால் அவை ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருக்கும். கைவியர்வைக்குப் பூசும் மக்னீசியாத் தூளுக்கும் தடை உண்டு. தனித்து நிற்கும் கோபுரங்களைத் தவிர மலைச்சுவர்களில் ஏறவும் அனுமதி இல்லை.

எல்லாவற்றிலும் கண்டிப்பானது, ஈரப்பாறையில் ஏறலாகாது என்னும் விதி. நீர் ஊறிய மணற்கல் தன் வலிமையில் பெரும்பகுதியை இழப்பதால், முந்தைய நாள் உடல் எடையைத் தாங்கிய பிடி மறுநாள் கையோடு பெயர்ந்து வரலாம். மேற்பரப்பு உலர்ந்து தோன்றினாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். வெயில் படாத வடக்குப் பக்கங்கள் காயச் சில நாட்கள்கூட ஆகும். இக்கல் எவ்வளவு நொய்மையானது என்பதற்கு, 40 மீட்டருக்கு மேல் உயர்ந்த பார்பரீன் என்னும் ஊசிப்பாறை, சிதைவின் காரணமாக 1975 முதல் ஏற்றத்துக்கு மூடப்பட்டிருப்பதே சான்று. ஆகவே நாளுக்கு ஒரு கோபுரம் என்று கணக்குப் போட்டு வரும் திட்டம் இங்கே செல்லாது. மழைக்கென்று சில நாட்களைத் தாராளமாக ஒதுக்கிவைக்க வேண்டும். ஆண்டின் முற்பாதியில் பொரி வல்லூறு போன்ற பறவைகள் கூடுகட்டும் பாறைகள் அடைக்கப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், செப்டம்பர் மாதம் பெரும்பாலும் வசதியானது.

தடங்களின் கடினம் இங்கே ரோமன் எண்களால் குறிக்கப்படுகிறது. ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் தடங்களுக்குத் தனி வரிசையே உண்டு. வழிகாட்டி நூலில் தடத்தின் பெயரருகே ஆச்சரியக்குறி இருந்தால், அங்கே பிடிமானம் வைக்க வழி குறைவு என்று பொருள்; புதியவர் அந்தப் பக்கமே போகக்கூடாது. சொந்த ஊரில் எந்த அளவு கடினத்தை ஏறியிருந்தாலும், இங்கே மிக எளிய தடங்களிலிருந்து தொடங்கி, முதல் சில நாட்கள் உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் பின்னால் ஏறுவதே முறை. முடிச்சு சரியாகப் படிந்திருக்கிறதா என்பதை அவர் வைத்ததைக் கழற்றிப் பார்த்துத்தான் கற்க முடியும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயண நாளுக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாட்களுக்குக் குறையாமல் அவகாசம் இருக்க வேண்டும். விசாவுக்காகக் கேட்கப்படும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு பாறையேற்ற விபத்தை உள்ளடக்குகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பல காப்பீடுகள் அதை வெளிப்படையாகவே விலக்குவதால், மீட்புச் செலவும் சேர்ந்த தனிக் காப்பீடு எடுத்துக்கொள்வது அவசியம். ட்ரெஸ்டனிலிருந்து எஸ்1 புறநகர் ரயில் எல்பே கரையோரமாகவே பாட் ஷண்டாவ் வரை செல்கிறது. இடையே ராத்தனில் இறங்குபவர்கள் எதிர்க்கரையிலுள்ள ஊருக்குப் படகில் கடந்துவிட்டால், பாறைகள் நடந்துபோகும் தொலைவில்தான்.