வீட்டுத் தோட்டத்தில் ஆவரசு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்கும் வாயிலில் அமைந்தது தொண்டைமானாறு. ஆறு எனப் பெயர் பெற்றபோதிலும் இது உவர்நீர் ஓடும் கழியே. கடல்நீர் உட்புகுதலைத் தடுத்து மழைநீரைத் தேக்கும் நோக்குடன் இதன் முகத்தில் 1950-களில் தடுப்பணை அமைக்கப்பட்டது. எனினும், கடனீரேரியை அடுத்த காணிகளில் உவரும் மணலும் கலந்த பகுதிகள் உள. கத்தரியும் மிளகாயும் செழியாத இத்தகைய மூலைகளைக் கமக்காரர் வெறுமையாக விடுதல் வழக்கம். அவ்விடங்களுக்கு ஏற்றது, தானே முளைத்து வளரும் நம் நாட்டு ஆவரசு. இதனை ஆவாரை எனவும் வழங்குவர்.

செடியின் இயல்பு

ஆவரசு நான்கு முதல் எட்டு அடி வரை வளரும் புதர்ச்செடி. பொன்னிறப் பூக்கள் கிளை நுனிகளில் கொத்தாக மலரும், காய்கள் தட்டையானவை. இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற இரு செதில்கள் காணப்படும். இச்செதில்கள் கருதியே 1753-ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் தாவர அறிஞர் இதற்குக் 'கசியா ஒறிக்குலாற்றா' எனப் பெயரிட்டார். சீமையகத்தியும் மஞ்சட் பூவுடையதே. ஆனால் அதன் பூங்கொத்து மெழுகுதிரி போல நிமிர்ந்து நிற்கும். இவ்வேறுபாட்டை அறிந்தே விதை சேகரித்தல் வேண்டும்.

கத்தரித் தோட்டத்துக்கு உதவி

இச்செடியின் சிறந்த பயன் பலரும் அறியாதது. கத்தரிப் பூவில் மகரந்தப் பை முழுதும் வெடிப்பதில்லை. நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே மகரந்தம் வெளிப்படும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போது மகரந்தம் உதிர்ந்து காய்பிடித்தல் மிகுகின்றது. ஆவரசம் பூவும் இவ்வமைப்பையே உடையது. ஆகவே, கத்தரி பூவாத காலத்தில் ஆவரசு கருவண்டுக்கு உணவளித்து, அதனைத் தோட்டத்தின் அருகிலேயே தங்கச் செய்யும். ஓரிரு பட்ட மரக்கட்டைகளையோ மூங்கில்களையோ வேலியோரத்தில் விட்டுவைப்பின் வண்டுகள் அவற்றில் கூடமைக்கும். பூச்சி மருந்து தெளிக்க நேரிடின், வண்டுகள் நடமாடும் காலை வேளையைத் தவிர்த்து மாலையிற் தெளித்தல் வேண்டும்.

விதைத்தலும் நடுதலும்

விதையின் மேற்றோல் மிகக் கடினமானது. அப்படியே விதைப்பின் பல விதைகள் நெடுநாள் முளையாது கிடக்கும். முற்றிய காய்களிலிருந்து எடுத்த விதையைப் பாத்திரத்திலிட்டு, கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, ஆறிய பின்னும் ஓரிரவு ஊறவிடுக. பருமணலுடன் சேர்த்துத் தேய்த்தலும் பயன் தரும்.

ஆணிவேர் ஆழமாகச் செல்லுமாதலால் நாற்றைப் பிடுங்கி நடுதல் நன்றன்று. ஐப்பசி மழை தொடங்கியதும் நிலையான இடத்திலேயே குழிக்கு மூன்று விதை இட்டு, பின்னர் வலிய செடி ஒன்றை மட்டும் விடுக. தனிச்செடிக்கு நான்கு அடியும், வேலிக்கு இரண்டு அடியும் இடைவெளி போதும். மழைநீர் தேங்கும் பள்ளமும் வயலின் தாழ்பகுதியும் ஆகா. வரம்போரமும் மேட்டு மணலும் ஏற்றவை. முதற் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை நீர் இறைத்தால் போதும். வேரூன்றிய பின் வறட்சியைத் தாங்கிக்கொள்ளும். மாடும் ஆடும் இதனை விரும்பி மேய்வதில்லை.

கத்தரித்தலும் பயன்களும்

பூ மிகுந்த பருவம் கழிந்ததும் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கத்தரித்துவிடின், புதிய நுனிகள் தோன்றிப் பூக்கும். கத்தரித்த இலையையும் இளங்கிளையையும் எறியாது வயலிற் குழையாகத் தாழ்க்கலாம், கூட்டெருவிலும் சேர்க்கலாம். அவரையினத்தைச் சேர்ந்ததாயினும், சணலைப் போல வேர்முடிச்சு மூலம் நிலத்துக்கு நைதரசன் சேர்க்கும் எனக் கருதுதல் தவறு. இதன் பசளைப் பயன் குழையினாலேயே கிடைக்கின்றது.

உலர்ந்த பூவை நீரிற் கொதிக்கவைத்துப் பருகுதல் தமிழரிடையும் சிங்களவரிடையும் உள்ள வழக்கம். சிங்களத்தில் இச்செடிக்கு 'ரணவரா' என்று பெயர். நீரிழிவுக்கு மருந்து உண்போரும் கருவுற்ற பெண்களும் வைத்தியரின் ஆலோசனையின்றி இதனை நாள்தோறும் பருகலாகாது. பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. ஆயினும் பட்டையை உரித்தால் செடி பட்டுவிடும்.

வெளியிடங்களில் வளரும் செடிகளை வேரோடு பிடுங்கிக் கொணர்தல் வேண்டா. அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. விதை தரும் தாய்ச்செடியும் அழிந்துவிடும். ஒரு கைப்பிடி விதையே ஒரு வேலிக்குப் போதுமானது. பயிர் விளையாத மூலையில் பத்துச் செடிகளை வளர்ப்பவர், அவ்விடத்திலிருந்து பூவும் குழையும் பெறுவதோடு அயலிலுள்ள கத்தரிப் பாத்திக்கும் பயன் தேடிக்கொள்வர்.