கல்லமேட்டுப் பிருஹத்காயம்

பனியன் துணியை அளந்து விற்காமல் எடை போட்டே விற்றுப் பழகிய எங்கள் திருப்பூர் ராயபுரத்தாருக்கும், ஒரு பிராணியின் கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளமிருந்தது என்றால், அந்த நீளத்தை மனத்தில் ஒருமுறை அளந்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அரியலூர்ப் பிரதேசத்துக் கல்லமேட்டில், ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறையடுக்கிலிருந்து வெளிப்பட்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவரால் 1987-இல் 'புருஹத்காயோசாரஸ்' என்று நாமகரணம் செய்யப்பெற்ற டைனோசரின் எலும்பே அது. பிருஹத்காயம் என்றால் பேருடல், பெயர் மிகையன்று. முதலில் மாம்சபட்சிணி என்று கருதப்பட்ட அந்த ஜீவன், நீண்ட கழுத்துடைய தாவரபட்சிணி இனத்ததே என்று பின்வந்தோர் நிர்ணயித்தனர்.

இத்தகைய எலும்பை வெறுங்கையால் தூக்கலாகாது. சுற்றிலும் மண்ணை மெல்ல அகற்றி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழம்பில் தோய்த்த சாக்குத்துணியை அதன்மேல் சுற்றி, கால் முறிந்தவனுக்கு மாவுக்கட்டுப் போடுவது போல் கட்டி, அது இறுகிய பின்னரே பெயர்த்தெடுப்பது வழக்கம். ஆயினும் கல்லமேட்டு எலும்புகளோ இயல்பிலேயே நொறுங்குந் தன்மையன; அவை நிலைக்காமல் பொடிந்து போயின. அகழ்ந்த காலத்து நிழற்படங்கள் சில மட்டும் 2022-இல் பிரசுரமாயின.