ஜோடி மாறிய கிரவுன் பினியன்

வைவாவில் டிபரென்ஷியல் எதற்கு என்று கேட்டால், வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், அதனால்தான் என்று நாம் எல்லோரும் மூச்சு விடாமல் ஒப்பிப்போம். நானும் அப்படி ஒப்பித்து மார்க் வாங்கியவன்தான். அந்தப் பெட்டியைக் கையால் பிரித்த பிறகுதான் என் லட்சணம் தெரிந்தது.

பொள்ளாச்சியில் மாமா வீட்டில் அப்புச்சி வாங்கிய அம்பாஸடர் ஒன்று நிற்கிறது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-ஐ வைத்து 1957-இல் வந்த வண்டி அது. 2014-இல் உத்தரபாராவில் உற்பத்தியே நின்றுபோனது. நம்ம வண்டியோ பின்னாலிருந்து ஊளையிட்டது. "நீ படிக்கறதே இதுக்குத்தானடா மாப்ளே, நீயே பாரு" என்று மாமா பணத்தையும் கையில் கொடுத்துவிட்டார்.

முதலில் சத்தத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதோ விடும்போதோ மட்டும் ஊளை என்றால் கிரவுன் பினியன் பல்லைச் சந்தேகப்படலாம். திரும்பும்போது மட்டும் சத்தம் என்றால் உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள். எப்போதும் கடகட என்றால் பேரிங். கிளம்பும்போது 'டக்' என்றால் டிபரென்ஷியலைத் திட்டும் முன் யுனிவர்சல் ஜாயிண்டைப் பாருங்கள்.

அடுத்து ரேஷியோ. பழைய வண்டியில் யார் எதை மாற்றினார்களோ, புத்தகத்தை நம்பக் கூடாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அதைச் சரியாக 2 சுற்று சுற்றினால் கிரவுன் 1 சுற்று சுற்றும், மறுசக்கரம் தரையில் நிற்பதால். அதற்குள் புரொப்பல்லர் ஷாப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. எனக்கு நாலரைக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பிரித்து எண்ணினேன்: கிரவுன் 41 பல், பினியன் 9. வகுத்தால் 4.56.

பிரிப்பது கஷ்டமில்லை. ஆயிலை வடித்து, ஆக்ஸில் ஷாப்ட் இரண்டையும் இழுத்து, புரொப்பல்லர் ஷாப்டைக் கழற்றினால் கேரியர் முன்பக்கமாக வந்துவிடும். பேரிங் கேப்புகளில் இடது, வலது என்று பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள், மாறக் கூடாது.

கிரவுனில் ஒரு பல் உடைந்திருந்தது. பினியன் பளபளவென்றிருந்தது. காசை மிச்சம் பிடிக்கலாம் என்று பழைய சாமான் கடையில் 41 பல் கிரவுன் மட்டும் வாங்கி மாட்டினேன். ஆழியார் வரைகூடப் போகவில்லை, முன்னைவிட ஊளை!

நான் ட்ரெயினிங் போன ஒர்க்‌ஷாப் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, நெம்பர் பாத்தீங்களா?"

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரச விட்டு லேப்பிங் செய்யப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே நெம்பர் பொறித்திருக்கும். பல் எண்ணிக்கை ஒத்தால் போதாது. மாமா பணத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. சொல்லியபோது அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

மிச்சப் பணத்தோடு என் ஸ்டைபண்டையும் போட்டு முழு செட் வாங்கினேன். பல்லில் ப்ரஷ்யன் ப்ளூ தடவிச் சுற்றினால் தடம் தெரியும். தடம் கிரவுன் பல்லின் நுனியில் விழுந்தால் பினியனை உள்ளே தள்ள வேண்டும். அடியில் விழுந்தால் வெளியே. வெளி ஓரத்தில் விழுந்தால் கிரவுனைப் பினியன் பக்கம் நகர்த்த வேண்டும், உள் ஓரத்தில் விழுந்தால் விலக்க வேண்டும். கிரவுனை நகர்த்த, ஒரு பக்கத்து சிம்மை எடுத்து மறுபக்கம் போடுங்கள். மொத்த கனம் மாறாததால் பேரிங் ப்ரீலோடும் மாறாது. ஒவ்வொரு தடவையும் டயல் கேஜ் வைத்து பேக்லாஷைத் திரும்பப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சாப்பாட்டுத் தட்டெல்லாம் நீலம்!

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இது ஹைபாய்ட் கியர். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே இருப்பதால் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். இ.பி. 90 ஆயில்தான் அந்த உரசலைத் தாங்கும்.

போன மாதம் மாமா வால்பாறை மலையே ஏறிவிட்டார். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் மட்டும் லேசாக ஒரு 'ஊய்ங்'. மாமாவுக்குக் கேட்கவில்லையாம். எனக்குக் கேட்கிறது. செமஸ்டர் லீவில் மறுபடி இறக்கப் போகிறேன். டயல் கேஜ் வைத்திருக்கும் நண்பர்கள் பொள்ளாச்சிக்கு வரலாமுங்க, சாப்பாடு மாமா வீட்டில்!